ஒரு ஆங்கில நாவல் படித்தால் எத்தனை வார்த்தை மனசில் நிற்கும்?

சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் இருக்கிறது பலமனேர். தமிழ்நாட்டு எல்லையும் பக்கம், கர்நாடக எல்லையும் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, முல்பாகல் பக்கத்திலிருந்து வரும் வியாபாரியிடம் கன்னடம் என்று பேசும் குடும்பங்கள் இந்த எல்லைப் பகுதியில் சாதாரணம். இங்கே வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை தெலுங்கை எப்படிக் கற்றுக்கொள்கிறது? யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒரே வார்த்தையைக் கடையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, விளையாடும்போது ஒருமுறை என்று கேட்டுக்கேட்டு வந்துவிடுகிறது.

ஆங்கிலம் மட்டும் அப்படி வருவதில்லை. காரணம் எளிது: தெருவில் ஆங்கிலம் இல்லை. அதனால் 'டெய்லி பத்து வார்த்தை' நோட்டு, 'ஆயிரம் முக்கிய வார்த்தைகள்' புத்தகம், மொபைல் ஆப் என்று போகிறோம். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

"நாவல் படி, இங்கிலீஷ் தானா வரும்" என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. இது உண்மையா? ஒரு நாவல் படித்தால் எத்தனை வார்த்தை தங்கும்? எந்த நாவல், எப்படிப் படிக்க வேண்டும்? இதற்கெல்லாம் ஆய்வுகளில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது.

இது ஏன் இப்போது முக்கியம்?

ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றும் ஆணையை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்க, ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு என்று அச்சிட்ட இருமொழிப் பாடநூல்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு வார்த்தை தெரியவில்லை என்றால், இங்கிலீஷ் பாடத்தோடு மற்ற பாடங்களும் சேர்ந்து போய்விடும். வீட்டு மொழி தமிழாக இருக்கும் பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தெலுங்கும் இரண்டாவது மொழிதான்.

நாடு முழுக்க நிலைமை என்ன? கிராமப்புறப் பிள்ளைகளிடம் வீடுவீடாகப் போய் எடுக்கப்படும் 'ஏசர்' கணக்கெடுப்பின் 2022 அறிக்கையைப் பார்க்கலாம். எளிய ஆங்கில வாக்கியத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஐந்தாம் வகுப்பில் 24.5 சதவீதம், எட்டாம் வகுப்பில் 46.7 சதவீதம். எட்டு வருடம் பள்ளிக்குப் போன பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களால் ஒரு எளிய வாக்கியத்தைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாவலுக்குள் வார்த்தைகள் எப்படி இருக்கின்றன?

ஒரு உதாரணம். ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' ஒரு திமிங்கல வேட்டைக் கதை. கணினி மொழியியல் படிக்கிறவர்கள் பயிற்சிக்காக எண்ணிப் பார்க்கும் நாவல் அது. நிறுத்தக்குறிகளையும் சேர்த்து அதில் 2,60,819 சொற்கள் இருக்கின்றன. ஒரே சொல் திரும்ப வருவதைக் கழித்துவிட்டால், வேறுவேறு சொற்கள் 19,317 மட்டுமே.

அடுத்த எண்தான் முக்கியம். இந்த 19,317 சொற்களில் 9,002 சொற்கள் நாவல் முழுக்க ஒரே ஒரு முறைதான் வருகின்றன. கிட்டத்தட்ட 47 சதவீதம். மறுபக்கம் 'வேல்', அதாவது திமிங்கலம் என்ற சொல், 906 முறை வருகிறது. எந்த மொழியிலும், எந்தப் பெரிய புத்தகத்திலும் ஏறத்தாழ இதே அமைப்புதான்: கொஞ்சம் சொற்கள் நிறைய முறை வரும், நிறைய சொற்கள் ஒரே முறை வந்துவிட்டுப் போகும்.

இதிலிருந்து படிக்கிறவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதியைத் திறந்தால், பாதி நேரம் இனி அந்தப் புத்தகத்தில் வரவே போகாத வார்த்தைக்காகச் செலவாகும். பத்துப் பக்கத்துக்குள் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவோம். பலர் முதல் ஆங்கில நாவலை இப்படித்தான் பாதியில் விடுகிறார்கள்.

படித்தாலே வார்த்தை வந்துவிடுமா?

இந்தக் கேள்விக்கு மூன்று ஆய்வுகள் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலாவது 1978-ல் வந்தது. அந்தோனி பர்ஜெஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் அவரே உருவாக்கிய, பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து எடுத்த சுமார் 240 கொச்சைச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தாய்மொழியான சிலரிடம் அந்த நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வார்த்தைத் தேர்வு இருக்கிறது என்று சொல்லவில்லை. படித்து முடித்த பிறகு 90 சொற்களில் சோதித்தபோது சராசரியாக 76 சதவீதம் சரி. அகராதி இல்லாமல், கதையிலிருந்தே பிடித்துக்கொண்டார்கள்.

ஆனா அவர்களுக்கு மற்ற எல்லா வார்த்தையும் தெரியும். நம்ம நிலைமை அது இல்லை. ஓமன் நாட்டில் ஆங்கிலம் கற்கும் 34 மாணவர்களிடம் 1998-ல் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலின் சுருக்கிய வடிவத்தை வகுப்பில் முழுவதுமாகப் படித்தார்கள். புதிதாகக் கற்றது சராசரியாக 5 வார்த்தை. ஐம்பது இல்லை, ஐந்து. எட்டு முறைக்கு மேல் வந்த சொற்கள் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

மூன்றாவது ஆய்வு ஜப்பானில் நடந்து 2003-ல் வெளியானது. சுருக்கிய நாவல் ஒன்றில் 25 வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து, படித்து முடித்த உடனேயும் மூன்று மாதம் கழித்தும் சோதித்தார்கள். அர்த்தத்தைத் தாங்களாகவே சொல்ல முடிந்தது உடனடியாக சராசரி 4.6 வார்த்தைக்கு. மூன்று மாதம் கழித்து ஒன்றுக்கும் குறைவு. ஆனா நாலு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூன்று மாதத்துக்குப் பிறகும் ஆறு வார்த்தை தேறியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்படிச் சொல்லலாம். நாவல் வார்த்தையைக் கொடுக்கிறது, ஆனா அது முதலில் அரைகுறை அறிமுகமாகத்தான் வரும். தெருவில் முகம் தெரிந்தவர், பெயர் தெரியாதவர் மாதிரி. திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பெயரும் பழகும். பார்ப்பது நின்றுவிட்டால் முகமும் மறந்துபோகும்.

எந்த நாவலை எடுப்பது?

இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். 'பெரிய' நாவலாக எடுத்தால் பெரிய பலன் என்று நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஒரு கதையை யாருடைய உதவியும் இல்லாமல் புரிந்து படிக்க, அதில் 98 சதவீத சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். கேட்க அதிகமாகத் தெரியும், கணக்குப் போட்டால் புரியும். ஒரு பக்கத்தில் 250 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம்.

98 சதவீதம் தெரிந்தால், பக்கத்துக்கு 5 வார்த்தை தெரியாது.

95 சதவீதம் தெரிந்தால், 12 அல்லது 13 வார்த்தை தெரியாது.

90 சதவீதம் தெரிந்தால், 25 வார்த்தை தெரியாது. அதாவது ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் ஒரு தடங்கல்.

நூலகர்களும் ஆசிரியர்களும் சொல்லும் 'ஐந்து விரல்' சோதனை கிட்டத்தட்ட இதே கணக்குதான். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகத்தை இன்னும் ஆறு மாதம் கழித்து எடுக்கலாம்.

பெரியவர்களுக்காக எழுதிய ஆங்கில நாவல் ஒன்றில் 98 சதவீதத்தை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்றால் 'ரீட்', 'ரீடர்', 'ரீடிங்' எல்லாம் சேர்த்து ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் படிநிலை நாவல்கள் இருக்கின்றன. உதாரணமாக 'ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்' வரிசையில் முதல் படி 400 அடிப்படைச் சொற்களில் எழுதப்பட்டது, மூன்றாம் படி 1,000, ஆறாம் படி 2,500.

இந்த யோசனையின் வேர்களில் ஒன்று நம்ம பக்கமே இருக்கிறது. 1920-களில், அன்றைய வங்காள மாகாணத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளி மாணவர்களின் பாடநூல்களில் புதுச் சொற்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக வருவதை அவர் கவனித்தார். அரிய சொற்களை நீக்கி, புதுச் சொற்களை இடைவெளி விட்டுச் சேர்த்து, ஒருமுறை வந்த சொல் திரும்பவும் வரும்படி வாசிப்பு நூல்களைத் திருத்தி எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல் பல பத்தாண்டுகளுக்கு ஆங்கிலப் பாடநூல்களுக்கு அடிப்படையாக இருந்தது.

காசு செலவில்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் நாலு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. பலமனேர் மாதிரி ஊரில் இது தனி வசதி: கதையைத் தெரிந்த மொழியில் முதலில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படிக்கலாம். கதை தெரிந்திருந்தால் வார்த்தையை ஊகிப்பது சுலபம்.

ஆர்.கே. நாராயண் எப்படிப் படித்தார்?

படிநிலை நூல்களைத் தாண்டிய பிறகு முதல் முழு நாவலாக எதை எடுப்பது என்று கேட்டால், 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நல்ல தேர்வு. 1935-ல் வந்தது. எழுதியவர் ஆங்கிலம் தாய்மொழி இல்லாத ஒரு தமிழர்.

1906-ல் சென்னையில் பிறந்த நாராயண், புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். டிக்கன்ஸ், வோட்ஹவுஸ், கோனன் டாயில், ஹார்டி என்று சின்ன வயதிலேயே படித்தார். அப்பா தலைமை ஆசிரியராக இருந்த மைசூருக்குப் போன பிறகு, பள்ளி நூலகம் அவர் கைக்கு வந்தது. பள்ளி முடித்ததும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்தார், எழுதினார். 1926-ல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் 'தி கைட்' நாவலுக்காக 1960-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். ஆங்கிலத்தில் எழுதி அந்த விருதைப் பெற்ற முதல் எழுத்தாளர் அவர்.

அவருடைய நாவல் நமக்கு உதவுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளி, பரீட்சை, பிரம்பு, கிரிக்கெட் டீம், அப்பாவுக்குப் பயம், பாட்டியின் செல்லம் எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். பனியையும் பிரபுக்களின் மாளிகையையும் கற்பனை செய்யத் தேவையில்லை. தெரியாதது வார்த்தை மட்டும்தான், வாழ்க்கை தெரிந்ததுதான். அதோடு மால்குடி என்ற அதே ஊரில் அவர் பல நாவல்கள் எழுதியிருக்கிறார். ஒரே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை எடுத்தால், பழகிய சொற்கள் பல திரும்பவும் வரும்.

ஆழ்ந்து படிப்பது என்றால் என்ன?

ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்வோம். 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' தொடங்குவது ஒரு திங்கட்கிழமை காலையில். சனி, ஞாயிறு விடுமுறை முடிந்துவிட்டது, சுவாமிநாதனுக்குக் கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை. அந்த இடத்தில் நாராயண் போடும் சொல் 'ரெலக்டன்ட்'.

முதல் படி, ஊகிப்பது. அகராதி வேண்டாம். திங்கட்கிழமை, பள்ளிக்கூடம், மூடிய கண். மூன்றையும் சேர்த்தால் 'மனசில்லாம', 'இஷ்டமில்லாம' என்று வந்துவிடும். தெலுங்கில் யோசிக்கிற பிள்ளைக்கு 'இஷ்டம் லேது'.

இரண்டாவது, சரிபார்ப்பது. இப்போது அகராதி. அதில் பெரும்பாலும் 'தயக்கமுள்ள' என்று இருக்கும். இங்கேதான் ஆழ்ந்து படிப்பது உதவுகிறது. 'ஹெசிடேட்' என்ற சொல்லுக்கும் 'தயங்கு' என்றுதான் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றா? இல்லை. செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர் 'ஹெசிடேட்' பண்ணுகிறார். 'ரெலக்டன்ட்' ஆக இருப்பவருக்கு அந்தக் குழப்பம் இல்லை, அவருக்குச் செய்யப் பிடிக்கவில்லை. பட்டியலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களைக் கதைதான் பிரித்துக் காட்டுகிறது.

மூன்றாவது, கூட்டாளியைப் பார்ப்பது. 'ரெலக்டன்ட்' தனியாக வருவதில்லை. பின்னாலேயே 'டு' வரும், அதன் பின் ஒரு வினைச்சொல். 'ரெலக்டன்ட் டு கோ', 'ரெலக்டன்ட் டு ஆன்சர்'. இந்த ஜோடியோடு நோட்டில் எழுதினால்தான் நாளைக்கு நீங்க ஒரு வாக்கியத்தில் பயன்படுத்த முடியும். கூடவே குடும்பத்தையும் எழுதிக்கொள்ளலாம்: 'ரெலக்டன்ஸ்', 'ரெலக்டன்ட்லி'.

நாலாவது, சொந்த வாக்கியம். திங்கட்கிழமை காலையில் உங்க வீட்டில் யார் 'ரெலக்டன்ட்'? ஒரு வரி எழுதுங்கள்.

ஊகத்தோடு நிறுத்தக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். 'ஹார்ட்லி' என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஹார்ட்' நினைவுக்கு வரும். ஒருவர் 'ஹார்ட்லி' வேலை செய்தார் என்றால், கடினமாக உழைத்தார் என்று ஊகிப்போம். உண்மையில் அவர் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். தப்பான ஊகத்தைச் சரிபார்க்காமல் விட்டால், அந்தத் தப்பு பல வருடம் நம்மோடு வரும்.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தைக்கு இப்படிச் செய்யலாம்? மூன்று போதும். எந்த மூன்று? இரண்டு பக்கத்துக்குள் இரண்டாவது முறை வந்த சொல், அல்லது அது தெரியாமல் கதை நகரவே மறுக்கும் சொல். மற்றதைத் தாண்டிப் போகலாம்.

'நான்-டீடெயில்' ஏன் கைகொடுக்கவில்லை?

நாவல் நம்ம பாடத்திட்டத்துக்குப் புதிதில்லை. சித்தூர் உட்பட அன்றைய சென்னை மாகாணம் முழுக்கப் பழகிய பாகுபாடு ஒன்று உண்டு. செய்யுளும் உரைநடையும் 'டீடெயில்', வரிவரியாகப் படிப்பது. சுருக்கிய நாவல் 'நான்-டீடெயில்', கதையாகப் படிப்பது. நோக்கம் நல்லதுதான். ஒன்றில் நுணுக்கம், மற்றொன்றில் ஓட்டம்.

நடைமுறையில் என்ன ஆனது? தேர்வில் வரும் கேள்வி 'கதைச் சுருக்கம் எழுதுக', 'பாத்திரப் படைப்பை விவரி'. இரண்டுக்கும் விடை கைடில் இருக்கிறது. மாணவர் கைடில் மூன்று பக்கத்தை மனப்பாடம் செய்கிறார், நாவலைத் திறப்பதே இல்லை. மூன்று பக்கச் சுருக்கத்தில் ஒரு வார்த்தை எட்டு முறை திரும்ப வர வழியில்லை. கதை தெரிந்துவிடுகிறது, மதிப்பெண் வந்துவிடுகிறது, மொழி மட்டும் வருவதில்லை.

ஆசிரியர்கள் இதை மாற்றப் பெரிய திட்டம் தேவையில்லை. வாரத்தில் ஒரு பீரியட், நாவலை வகுப்பிலேயே சத்தமாகப் படிக்கலாம். சுருக்கம் கேட்பதற்குப் பதிலாக, இந்தப் பக்கத்தில் இந்தச் சொல் ஏன் வந்தது, வேறு சொல் போட்டால் என்ன மாறும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கைடிலும் இருக்காது.

ஃபிஜி தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 1980-களின் தொடக்கத்தில் இப்படி ஒரு சோதனை நடந்தது. வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்து, தினமும் படிக்க நேரம் ஒதுக்கினார்கள். வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வாசிப்பில் இவர்களின் முன்னேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கேயும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை.

ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 பக்க நாவல், தினம் இரண்டு பக்கம், 90 நாள். தினம் மூன்று வார்த்தை என்றால் 270. பாதி மறந்துபோகும் என்றே வைத்துக்கொண்டாலும் 135 வார்த்தை நிற்கும். ஓமனில் கிடைத்த 5 வார்த்தைக்கும் இந்த 135-க்கும் உள்ள வித்தியாசம், தேர்ந்தெடுத்து எழுதி திரும்பப் பார்ப்பதில் இருக்கிறது. வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டவில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களில் இரண்டாவது ஆயிரத்தை, ஒவ்வொன்றையும் சராசரியாகப் பன்னிரண்டு முறையாவது சந்திக்கும் அளவுக்குப் படிக்க வேண்டுமானால், சுமார் 2 லட்சம் சொற்கள் கொண்ட வாசிப்பு தேவை என்று பால் நேஷன் 2014-ல் மதிப்பிட்டார். நம்ம 180 பக்க நாவலில் 45,000 சொற்கள். அப்படியானால் நாலு அல்லது ஐந்து நாவல். ஒரு வருடத்திலோ ஒன்றேகால் வருடத்திலோ முடித்துவிடலாம். ஒன்பதாவது ஆயிரத்துக்கு இதே கணக்கு சுமார் 30 லட்சம் சொற்கள், 65 நாவலுக்கு மேல். அது பல வருட வேலை.

அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது தேவை முதல் நாவல்தான். ஐந்து விரல் சோதனையில் தேறிய, கதை பிடித்த, மெல்லிய ஒரு புத்தகம். அதை முடித்ததும் அதே எழுத்தாளரின் இரண்டாவது புத்தகம். முதல் புத்தகத்தில் அரைகுறையாக அறிமுகமான வார்த்தை இரண்டாவதில் வரும்போது, இது தெரிந்த வார்த்தையாச்சே என்று தோன்றும். அந்த நாளிலிருந்து அகராதியைத் திறக்கும் வேலை பாதியாகக் குறையும்.